நாய் சாப்பிட்டாச்சா

"ஹலோ... ஹலோ, சார், வெச்சிடாதீங்க. நாலாவது தடவை அடிக்கிறேன்... ஆமா, நான்தான். ஒன்பதாம் ரூம் பொண்ணு... ஆமா, ஆமா, லெட்டர் போட்ட அதே பொண்ணுதான்... சார், நான் சொல்றதை முதல்ல கேளுங்க. லெட்டர் போட்டு மூணு நாள் ஆச்சு. என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு ஒரு வரி பதில் இல்ல... நீங்க கூப்பிட்டது தெரியும். நான் வேலையில இருந்தேன். பதில் எழுத்துல வரணும் சார், மிஸ்டு கால்ல வரக் கூடாது."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டுதான் இவ்வளவும் பேசினாள். வலது கை கண்ணாடிக் குழாயின் திருகில் இருந்தது. குடிநீரைச் சோதிக்கும் கூடம் அது. ஊரின் எந்தெந்தக் குழாயிலிருந்தோ பிடித்துவந்த தண்ணீர், இருபத்தெட்டு பாட்டில்களில் எண் ஒட்டி மேசைமேல் வரிசை கட்டியிருந்தது. குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை விட வேண்டும். கீழே குடுவையில் இருக்கிற சிவப்பு ஒரே ஒரு சொட்டில் நீலமாகும். அந்தச் சொட்டோடு நிறுத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே வேலை. எவ்வளவு கோபத்திலும் அவள் கை ஒரு சொட்டு கூடுதலாக விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"...என்னது? அன்னிக்கு சாயந்திரமே அனுப்பியாச்சா? நாயை?... ம். சரி. நல்லது. இதை அன்னிக்கே எழுதி அனுப்பியிருந்தா நான் ஏன் சார் கூப்பிடப் போறேன்..."

பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தோளைக் கொடுத்து மோதிய கதவு திறந்தே கிடந்ததுபோல் ஆகிவிட்டது அவளுக்கு. சண்டைக்கென்று மூன்று நாளாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

விஷயம் இதுதான். முதியோர் இல்லத்துக்காரர்கள் குடும்பத்தாருக்கென்று போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அதில் மூன்று நாளைக்கு முன் ஒரு படம் வந்தது. மேலே 'இன்றைய மகிழ்ச்சி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. கீழே அவளுடைய அம்மா. இல்லத்தின் பின்புறக் குழாயடியில், உடுத்தியிருந்ததை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் மக். எதிரே உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு பழுப்பு நாய்.

பஸ்ஸில் நின்றபடி அந்தப் படத்தைப் பார்த்தவளுக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் அம்மா செய்த வேலை அது. அந்த வீட்டு நாய்களைக் குளிப்பாட்டி, முடி பொறுக்கி, அவை கழிந்ததை அள்ளி, அவை படுக்கும் துணியைத் துவைத்துத்தான் மகளை ஒரு டிகிரி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு மறதி முற்றி, அடுப்பை ஏற்றிவிட்டுத் தெருவுக்குப் போய்விடுகிற நிலை வந்ததும், மனசில்லாமல்தான் இல்லத்தில் சேர்த்தாள். சேர்த்த அன்றைக்கே படிவத்தில், 'சிறப்புக் குறிப்புகள்' என்ற இடத்தில், 'என் அம்மா இங்கே எந்த வேலையும் செய்யக் கூடாது' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். துண்டு மடிப்பதுகூடவா என்று வார்டன் கேட்டதற்கு, துண்டு மடிப்பதும் வேலைதான் என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு இந்தப் படம். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி முடித்துவிட்டாள். பாயிண்ட் போட்டு எழுதினாள். 'மனித கண்ணியம்' என்று மூன்று இடத்தில் வந்தது. கடைசிப் பாயிண்ட், அந்த நாயை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்பது. நலத்துறை அலுவலகத்துக்கு ஒரு நகல்.

"யார் சார் எங்கம்மா கையில மக்கைக் குடுத்தது?... தானா எடுத்தாங்களா? தானா எடுக்கும் சார். முப்பது வருஷம் எடுத்த கை, நாயைப் பாத்தா மக்கைத் தேடும். அதை எடுக்க விடாம பாத்துக்கத்தானே உங்க இடத்துல விட்டிருக்கேன்... என்னது? சிகிச்சையா?... ஓ. நாயைத் தடவினா பிரஷர் குறையும், மனசு லேசாகும்... படிச்சிருக்கேன் சார். நானும் படிச்சவதான். சோபாவுல உக்காந்து மடியில நாயை வெச்சிருக்கிறவங்களுக்குக் குறையும். அந்த நாயோட பீயை அள்ளுறவங்களுக்குக் குறையுதான்னு யாராவது அளந்து பாத்தாங்களா?... இல்லல்ல? அப்ப விடுங்க."

ஒரு சொட்டு. சிவப்பு. இன்னொரு சொட்டு. சிவப்புத்தான்.

"...சொல்லுங்க... என்ன ஃபார்ம்?... எதுக்கு என் கையெழுத்து?... ட்யூபா?"

குடுவைக்குள் நீலம் பரவியது. அதன் பிறகும் திருகு திறந்தே இருந்தது. அடர்நீலத்தின்மேல் சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்ததை அவள் பார்க்கவில்லை.

"மூக்கு வழியா... சார், ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் இருங்க. எத்தனை நாளா சாப்பிடல?... மூணு நாளா? மூணு நாளா ஒருத்தங்க சாப்பிடாம இருக்காங்க, நீங்க என்கிட்ட... கூப்பிட்டீங்க. ஆமா, கூப்பிட்டீங்க... பதினோரு தடவை. போன்ல காட்டுது சார், எண்ணிச் சொல்ல வேண்டாம்."

பதினோரு தடவையும் போன் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடிதத்தை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சப்போகிறார் என்று நினைத்தாள். கெஞ்சட்டும், எழுத்தில் கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டாள்.

"தண்ணியாவது?... ரெண்டு வாயா? ஒரு நாளைக்கா?... சரி, டாக்டர் என்ன சொன்னார்?... அவர் சொல்லுவார், அவருக்கென்ன. ட்யூப் போட்டா எங்கம்மா பிடுங்கிப் போடும் சார்... என்ன சொன்னீங்க? கையை?... துணியாலதான்னா? பட்டுத் துணியால கட்டினாலும் கட்டுறதுக்குப் பேரு கட்டுறதுதான். முடியாது. ட்யூபுக்கும் கிடையாது, கட்டுறதுக்கும் கிடையாது... எழுதிக்கோங்க, ஒன்பதாம் ரூம் பொண்ணு மாட்டேன்னு சொல்லிட்டான்னு பெருசா எழுதிக்கோங்க."

குடுவையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கூடத்துக்கும் பண்டக அறைக்கும் நடுவே காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கிய நடை ஒன்று உண்டு. கூடத்தின் தலைவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். இவள் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவர் வந்த வழியே போய்விட்டார்.

"பக்கத்துல யார் இருக்கா? அக்கா இருக்காங்களா?... அவங்ககிட்ட போனைக் குடுங்க... நீங்க போய் ஃபார்மைத் தேடுங்க சார். மெதுவாத் தேடுங்க. அவசரமே இல்ல."

அக்கா என்பவள் ஒன்பதாம் அறையைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. வார்டன் பேசினால் காகிதம் பேசுவதுபோல் இருக்கும். அக்கா பேசினால் பின்னால் வாளி இழுபடும் சத்தம், யாரோ இருமுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து வரும்.

"அக்கா... என்னக்கா நடக்குது அங்க?... ம்... ம்... திட்டுங்க. திட்டிக்கோங்க... யாரு லெட்டர்க்காரி? எனக்கு அங்க அதான் பேரா?... இல்ல, கோவமில்ல, தெரிஞ்சுக்கிட்டேன். மேல சொல்லுங்க... குளிக்க மாட்டேன்னாங்களா? எப்போ?... ஒரு மாசமாவா? எனக்கு யாரும் சொல்லலையே."

பதில் கொஞ்சம் நீளமாக வந்தது. அவள் ஓர் அட்டைப் பெட்டியின் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டே கேட்டாள்.

"...ஆமா. பின்னாலேர்ந்து தண்ணி ஊத்தினா பயப்படுவாங்க. இப்ப இல்ல, எப்பவுமே... உங்களைக் கடிச்சாங்களா?... ரத்தம் வந்துச்சா? ஐயோ... சரி... அப்புறம் நாய் வந்து?... நாயைக் குளிப்பாட்டிட்டு, அதே ஸ்டூல்ல அவங்களே உக்காந்து... உங்க கையில மக்கைக் குடுத்தாங்களா?... அவங்களேவா?... தெனமுமா?"

நாய்க்கு அங்கே ரவுண்ட்ஸ் என்று பெயர். காலையில் டாக்டர் வந்தால் அவர் பின்னாலேயே அறை அறையாகப் போகும். டாக்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட நாய்க்காக எழுந்து உட்காருவார்கள். இதெல்லாம் அக்கா சொல்லச் சொல்லத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்றரை வருஷமாக மாதம் இரண்டு ஞாயிறு போய்வருகிறாள். பாத்ரூம் வழுக்குகிறதா, மருந்துச் சீட்டில் தேதி சரியா என்று பார்ப்பாள். போர்வையை முகர்ந்து பார்ப்பாள். அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாள், அம்மா தலையை ஆட்டுவாள். மூலையில் ஒரு நாய் படுத்திருப்பதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. சுகாதாரக் குறைவு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

"...பேசுவாங்களா? எங்கம்மாவா? அக்கா, என்கிட்ட மூணு வார்த்தை சேத்துப் பேசி ஒரு வருஷம் ஆச்சு... நாய்கிட்டயா? என்ன பேசுவாங்க நாய்கிட்ட?... என்னைப் பத்தியா?... என்னைப் பத்தி என்ன?... கணக்குல தொண்ணூத்தி நாலா?... தொண்ணூத்தி ஆறுக்கா. ரெண்டு மார்க்கை நாய்கிட்ட ஏன் குறைச்சுச் சொல்றாங்க?"

சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவள் தொண்டையிலிருந்து வந்தது. அது சிரிப்பில்லை என்று அந்தப் பக்கம் புரிந்திருக்க வேண்டும். வாளி இழுபடும் சத்தம் நின்றது.

மார்க் வந்த அன்றைக்கு அம்மா என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரியும். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்லதா என்று கேட்டாள். நல்லது என்றதும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அக்கம்பக்கத்தில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் மனிதர்களிடம் சொல்லவும் வாய்ப்பில்லை. பின்னே யாரிடம் சொல்லியிருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் மகள் யோசித்ததே இல்லை.

"...சொல்லுங்கக்கா, லைன்லதான் இருக்கேன்... எதிர் ரூம்ல பழைய பஸ் கண்டக்டர் தாத்தாவா? அவருக்கு என்ன?... டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாரா, நாய்க்கு?... இப்ப?... மூணு நாளா பஸ்ஸைக் கிளப்பலையா? ஒரு பாசஞ்சர் ஏறலைன்னா?... கடவுளே. பஸ்ஸையும் நான்தான் நிறுத்தியிருக்கேன்... சரி, அவரை விடுங்க. அம்மா விஷயத்துக்கு வாங்க. தட்டைக் கொண்டுபோய் வெச்சா என்ன பண்றாங்க? தள்ளி விடுறாங்களா?... இல்லையா? பாத்துக்கிட்டே இருக்காங்களா?... கேக்குறாங்களா? என்ன கேக்குறாங்க?"

கிழித்துக்கொண்டிருந்த நகம் நின்றது.

"...திரும்பச் சொல்லுங்க... வார்த்தை மாத்தாம, அவங்க கேக்குற மாதிரியே சொல்லுங்க... 'நாய் சாப்பிட்டாச்சா'ன்னா?... ஒவ்வொரு வேளையுமா?... நீங்க என்ன பதில் சொன்னீங்க?... போயிடுச்சுன்னா?... அக்கா. அக்கா, அது உளறல் இல்ல."

அடுத்துச் சொன்னதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரியில் கூடப் படித்தவர்களிடம் சொன்னதில்லை, கூடத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னதில்லை. சொன்னால் அம்மாவைப் பற்றிப் பரிதாபப்படுவார்கள், பரிதாபப்படுகிறவர்களின் மூக்கை உடைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லாமல் இருந்தாள்.

"அந்த வீட்டுல அது சட்டம்க்கா. நாய்க்கு ரெண்டு மணிக்கு சாப்பாடு. நாய் சாப்பிட்டு, அந்தத் தட்டைக் கழுவிக் கவுத்தினப்புறம்தான் எங்கம்மா தன்னோட சோத்துல கை வைக்கணும். நாய் சாப்பிடலைன்னா எங்கம்மாவும் சாப்பிட முடியாது. நாய்க்கு உடம்பு சரியில்லாத அன்னிக்கு எங்கம்மாவும் பட்டினி... ஆமா. முப்பது வருஷம்... அழாதீங்கக்கா, எனக்கு எரிச்சலா வருது. நானே அழல. இப்ப புரியுதா? மூணு நாளா அவங்க உங்ககிட்ட அனுமதி கேட்டுக்கிட்டிருக்காங்க. நீங்க நாயே இல்லன்னு சொல்லிட்டு முன்னாடி தட்டை வெச்சிருக்கீங்க. நாய் சாப்பிடாம அவங்க எப்படி சாப்பிடுவாங்க?"

எதிர்ப்பக்கம் ஏதோ தயங்கித் தயங்கி வந்தது.

"...சாப்பிட்டுடுச்சுன்னு பொய் சொல்லிப் பாத்தீங்களா?... தட்டைக் காட்டச் சொன்னாங்களா?... ஆமா. எங்கம்மாவை அப்படியெல்லாம் ஏமாத்த முடியாது. எனக்கே காய்ச்சல்னு சொன்னா நாக்கை நீட்டச் சொல்லும்."

இங்கே அக்கா தன் மனசில் இருந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் இவள் குரல் மறுபடி ஏறியது.

"...சந்தோஷமா இருந்தாங்கன்னா? இருந்திருப்பாங்க. நான் இல்லன்னு சொல்லல... அந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கலக்கா. சும்மா பொய் சொல்ல மாட்டேன். நாய்கிட்ட சிரிச்ச முகத்தைப் படத்துல பாத்தேன், பாத்துட்டுத்தான் லெட்டர் எழுதினேன். என்கிட்ட சிரிக்காத முகம் அது. எனக்குப் பிடிக்கல. ஆனா எனக்குப் பிடிக்கலைங்கிறதுக்காக அவங்க பட்டினி கிடக்கக் கூடாது. அவ்வளவுதான்... அந்த வீட்டை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. அந்த வீட்டுல எங்கம்மாவை மனுஷியா நினைச்சது நாய் மட்டும்தான்னா, அதுக்கு நான் என்ன பண்றது? நாய்மேல கோவப்பட்டா ஆச்சா?"

நடையின் மறுமுனையில் யாரோ பெட்டி எடுக்க வந்து, பேச்சைக் கேட்டு, எடுக்காமலே திரும்பிப் போனார்கள். அவள் குரலைத் தணித்தாள். ஆனால் தணிந்த குரலில்தான் சூடு அதிகமாக இருந்தது.

"நாய் இப்ப எங்க?... செடி விக்கிற நர்சரிக்காரர் கூட்டிட்டுப் போனாரா? எவ்வளவு தூரம்?... அப்புறம்?... மறுநாளே வந்துடுச்சா? எங்க?... கேட்டுக்கு வெளியவா? ரெண்டு நாளாவா? வெயில்லயா?... வாட்ச்மேன் கம்பை வெச்சு... யார் சொல்லித் துரத்துறார்?... என் லெட்டரைச் சொல்லியா?"

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. உள்ளே ஒருத்தி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே ஒரு நாய் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் இவள் எழுதிய இரண்டு பக்கம்.

"கேட்டைத் திறங்கக்கா... ஏன் முடியாது?... அவர் சொல்லணுமா? குடுங்க அவர்கிட்ட... சார், கேட்டைத் திறக்கச் சொல்லுங்க... எந்த உத்தரவு?... நான் ஒரு லெட்டர் எழுதினா உங்களுக்கு அது உத்தரவா? பாத்ரூம்ல கைப்பிடி வைங்கன்னு நாலு லெட்டர் போட்டேனே, அது என்ன சார், காதல் கடிதமா? அதுல ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்தீங்களா? இதை மட்டும் அன்னிக்கு சாயந்திரமே செய்யத் தெரியுது. ஏன்னா கைப்பிடி வைக்கணும்னா ஆள் பிடிக்கணும், சுவத்துல ஓட்டை போடணும். நாயைத் துரத்த ஒரு கம்பு போதும்... ஆமா, தப்பு என்னோடதுதான். மறுக்கல. என் தப்பை நான் ஒத்துக்கறேன். நீங்க கேட்டைத் திறங்க... எழுத்துலயா?"

அந்தப் பேச்சை ஆரம்பித்துவைத்தவளே அவள்தான். பதில் எழுத்தில் வர வேண்டும் என்று பத்து நிமிஷத்துக்கு முன் அதட்டியவள். இப்போது எந்த வாயால் வேண்டாம் என்பது?

"...சரி. எழுத்துலயே தர்றேன். வெச்சிடாதீங்க, லைன்லயே இருங்க."

பாக்கெட்டில் இருந்த தண்ணீர் மாதிரிச் சீட்டு ஒன்றின் பின்புறத்தைச் சுவரில் வைத்து எழுதினாள். போன தடவை இரண்டு பக்கம், இந்தத் தடவை நாலு வரி. 'ஒன்பதாம் அறையில் இருப்பவரின் மகள் எழுதுவது. என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். நாயை உடனே உள்ளே விடவும். என் அம்மாவின் கண் முன்னால் அதற்கு முதலில் சாப்பாடு வைக்கவும்.' கடைசி வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. அந்த வீட்டின் சட்டத்தைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. படம் பிடித்து அனுப்பினாள்.

"வந்துச்சா?... படிக்க முடியுதுல்ல?... கிழிஞ்சது கிழிஞ்சதுதான், அது என் கையெழுத்துதான்... நலத்துறைக்கும் நகல் அனுப்பறேன், உங்க தலைமேல எதுவும் வராது... அந்த ஃபார்மா? அதை மடிச்சு எங்கேயாவது வைங்க சார். நான் வர்ற வரைக்கும் என் கண்ணுல படக் கூடாது... சாயந்திரம். சாயந்திரம் நேர்ல வர்றேன்... அக்காகிட்ட குடுங்க. குடுங்க சார்."

அதன்பின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்தாள். போன் ஓடியது. செருப்புச் சத்தம். ஒரு படிக்கட்டு, பிறகு மண். சங்கிலி உரசுகிற சத்தம், யாரோ வாட்ச்மேனை அதட்டுகிற தொனி. பிறகு தரையில் நகங்கள் வழுக்கி வழுக்கிப் போகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தன் காலைத் தன்னையறியாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்த வீட்டு நாய்கள் ஓடி வரும்போது சின்ன வயதில் அப்படித்தான் இழுத்துக்கொள்வாள்.

"என்னக்கா அது, விசிலா?... கண்டக்டரா? போகட்டும், போகட்டும், ரெண்டு விசிலா அடிக்கட்டும்... அம்மா பாத்தாங்களா? எழுந்தாங்களா?... திட்டுறாங்களா? நாயையா? எங்க ஊர் சுத்திட்டு வர்றேன்னா?... நல்லா திட்டட்டும். தட்டை வைங்க. நாய்க்கு. அவங்க கண்ணுக்கு நேரா... சாப்பிடுதா?... பசி இருக்குமில்ல, அதுக்கும்... முடிச்சுடுச்சா? இப்ப அந்தத் தட்டைக் கழுவணும். உள்ள கொண்டுபோகாதீங்க, அங்கேயே, குழாயிலயே. ம்... அவங்க கேக்குறாங்களா? குடுத்துடுங்க. குடுத்துடுங்கக்கா, அவங்களே கழுவட்டும்... இல்ல, நான்தான் சொல்றேன். குடுங்க."

தண்ணீர் விழுகிற சத்தம். எவர்சில்வர் தட்டைக் கல்லில் கவிழ்க்கிற சத்தம். அந்தச் சத்தம் மட்டும் அவளுக்குப் பழக்கமானது. பின்வாசல் படியில் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்து காத்திருப்பாள். அது கேட்டால்தான் அம்மா டப்பாவைத் திறப்பாள், அதில் பாதி இவளுக்கு.

"...எடுத்தாங்களா? வாய்ல வெச்சாங்களா?... பக்கத்துலயே நிக்காதீங்கக்கா, ஆள் பாத்தா நிறுத்திடுவாங்க. வேற எங்கேயோ பாக்குற மாதிரி நில்லுங்க... ம்... எண்ணாதீங்க... ம்... நாய் எங்க?... கால்மேலயா படுத்திருக்கு? படுக்கட்டும்... அக்கா, போனை அவங்க காதுல வைங்க. ரெண்டே நிமிஷம். பேசினாப் பேசட்டும், இல்லன்னா மூச்சுச் சத்தமாவது கேக்கட்டும்."

போன் கை மாறியது. மெல்லுகிற சத்தம் பக்கத்தில் வந்தது.

"அம்மா... நான்தா..."

நிறுத்திக்கொண்டாள். எதிரில் வந்த குரல் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையாட்டுகிறவளின் குரல் இல்லை. மெல்லியதாக, முதுகு வளைந்து, வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வைத்து, விழுங்கிவிட்டுப் பேச அவசரப்படுகிற குரல். அதை அவள் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுச் சமையலறை வாசலில், வீட்டுக்காரியின் முன்னால். போனில் அதட்டுகிற ஒரு பெண் குரல் வந்தால், அது யாராக இருக்கும் என்று அம்மாவுக்கு முப்பது வருஷப் பழக்கம் சொல்லியிருக்கிறது.

இல்லை, நான் உன் மகள் என்று கத்த வாய் திறந்தாள். கத்தினால் அம்மா சோற்றைக் கீழே வைத்துவிடுவாள்.

"...ம். ஆமா... சாப்பிட்டாச்சா அது?... சரி... தட்டைக் கழுவியாச்சா?... சரி. நீ சாப்பிடு. நிறுத்தாதே, சாப்பிட்டுக்கிட்டே பேசு... பரவாயில்ல, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம், நான்தான் சொல்றேன்ல... என்ன வேணும்?... லீவா?... அரை நாளா? எதுக்கு?"

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போக வேண்டும் என்று அந்தப் பக்கம் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தது.

கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு எல்லாருக்கும் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ நின்றார்கள். ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் பெற்றோர் கையெழுத்து எங்கே என்றார். இவள் தூண் மறைவுக்குப் போய், இடது கையால் கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். அன்று சாயந்திரம் அம்மா வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே, அரை நாள் லீவு கேட்கக்கூட உனக்கு வாய் இல்லையா என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் முகம் கழுவப் போனாள். பதில் இல்லை என்பதை, கேட்கவே இல்லை என்று மகள் எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் வைத்திருந்தாள்.

"...இதுக்கு முன்னாடியும் கேட்டியா?... எத்தனை தடவை?... இல்ல, கோவமில்ல. உம்மேல கோவமில்ல... குரலா? குரல் அப்படித்தான், நீ சாப்பிடு... போயிட்டு வா. அரை நாள் இல்ல, முழு நாளும் எடுத்துக்கோ... ஆமா, நான்தான் சொல்றேன்... நாயை நான் பாத்துக்கறேன்... தட்டையும் நானே கழுவிக்கறேன். எனக்கென்ன, கை இல்லையா? இத்தனை வருஷம் கழுவியிருக்கணும், கொழுப்பு, கழுவல... உன்னைச் சொல்லல, நீ பயப்படாதே... பின்பக்கமா போகாதே. முன்வாசல் வழியா போ. திறந்துதான் இருக்கு... சாப்பிட்டு முடிச்சுட்டுப் போ. ஒரு வாய்கூட மிச்சம் வைக்காதே... பொண்ணு அங்க ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருக்கும்... எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும். கோவக்காரின்னு கேள்விப்பட்டேன்... ரொம்பக் கோவக்காரிதான். லேட்டாப் போனா எல்லார் முன்னாடியும் கத்தும். கத்தினா நீ கேட்டுக்கிட்டு நிக்காதே. லீவு கேட்டேன்னு சொல்லு. ஒவ்வொரு தடவையும் கேட்டேன், குடுக்கலன்னு சொல்லு... சொல்லுவியா?... சரி. போ. கிளம்பு."

கிளம்பச் சொன்ன பிறகு அம்மா காத்திருக்கவில்லை. தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. லைன் கட் ஆனது.